வெயிலில் கறுத்த கண்ணாடி

மண்தின்னி: பிறப்பு 1963; ஈரநில ஆய்வாளராகப் பணி 1988 முதல் 2023 வரை.

பட்டப்பெயர் கேட்பதற்குக் கடுமையாக இருந்தாலும் வைத்தவர்கள் அன்பாகவே வைத்தார்கள். பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, கையிலிருப்பது வண்டலா களியா என்று விரல்களால் உருட்டிப் பார்த்தும் தெளியாமல், ஒரு பொட்டு மண்ணை முன்பற்களுக்கிடையில் வைத்துக் கடித்துப் பார்த்தார். வண்டல் என்றால் நறநறக்கும். களி என்றால் வழுக்கும். அது அந்தத் தொழிலில் உள்ள பழைய வழக்கந்தான். ஆனால் அந்த நேரம் பார்த்து அன்றைய பிரிவுத் தலைவர் வண்டியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். "ஏம்மா, வீட்ல சாப்பாடு போடலையா?" என்று அவர் கேட்டது மறுநாள் அலுவலகம் முழுக்கப் பரவியது. பட்டம் ஒட்டிக்கொண்டது, முப்பத்தைந்து ஆண்டுகள் உதிரவில்லை. கணவர்கூடக் கோபம் வந்தால் அப்படித்தான் அழைப்பார். கோபம் இல்லாதபோதும் அழைப்பார்.

ஒருவர் ஒரு நிலத்தில் வீடுகளோ சாலையோ கட்ட அனுமதி கேட்டால், அங்கே ஈரநிலம் உண்டா, ஓடை உண்டா, உண்டென்றால் எதுவரை என்று பார்த்துச் சொல்வது மண்தின்னியின் வேலை. தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாது. தண்ணீர் வரும், போகும். கோடையில் வெடித்துக் கிடக்கும் நிலம் மழைக்காலத்தில் முழங்கால் ஆழம் கொள்ளும். ஆகவே மண்ணைத் தோண்டி நிறம் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் நீர் தங்கும் மண் சாம்பல் நிறமாகிவிடும்; ஊடே துருவைப் போலச் செம்புள்ளிகள் தெரியும். நீர் தங்காத மண் பழுப்பாகவே இருக்கும். சாம்பல் முடிந்து பழுப்பு தொடங்கும் இடத்தில் ஒரு சின்னக் கொடியை ஊன்ற வேண்டும். கொடிகளைக் கோத்தால் அதுதான் எல்லைக்கோடு. கோட்டுக்கு உள்ளே கட்டக்கூடாது, வெளியே கட்டலாம்.

நிறம் பார்ப்பதற்கென்று ஒரு புத்தகம் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் விரல்நகம் அளவில் சாயக் கட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு துளை, ஓர் எண். மண் உருண்டையைத் துளைக்குப் பின்னால் பிடித்து, எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். நேர் வெயிலில் பார்க்க வேண்டும். விண்ணப்பதாரர் பக்கத்து ஆள் ஒருவரும் உடனிருந்து தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். இருவரும் ஒவ்வொரு குழிக்கும் கையொப்பமிட வேண்டும். இவையெல்லாம் துறையின் கையேட்டில் உள்ளவை. கையேட்டில் இன்னொரு வரியும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

இயல்பிலேயே மண்தின்னி பயந்த மனுஷி. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்தோமா என்று பேருந்திலிருந்து கணவருக்கு அழைப்பார். கணவர் தையற்காரர், வீட்டின் முன்னறையிலேயே இயந்திரம் போட்டிருந்தார். ஆனாலும் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று அவர் எழுந்துபோய்ப் பார்ப்பதில்லை, பார்த்ததாகச் சொல்வார். "நீ கவலைப்படலைன்னா இந்த ஊர்ல பாதி வீடு எரிஞ்சிருக்கும்," என்பார். மண்தின்னி சிரிக்கமாட்டார். உண்மையிலேயே அப்படித்தான் என்பது அவர் எண்ணம். ஆனால் இந்தப் பயந்தான் அவரை நல்ல ஆய்வாளராக்கியது. மற்றவர்கள் ஒரு குழி தோண்டும் இடத்தில் அவர் இரண்டு தோண்டினார். அவர் ஊன்றிய கொடியை எவரும் பிடுங்கி நட்டதில்லை.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நகரின் வெளிவட்டச் சாலையை ஒட்டி ஒரு குடியிருப்பு வளாகத்துக்கான விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. சாலைக்கும் பழைய கிடங்குகளுக்கும் நடுவே சரிந்து கிடக்கும் தாழ்ந்த நிலம். கோரை மண்டிய பள்ளம், அதன் நடுவே ஒரு சிறிய ஓடை. ஓடையைக் குழாய்க்குள் விட்டு மூடிவிட்டுப் பள்ளத்தை மண் கொட்டி நிரப்பிக் கட்டுவது நிறுவனத்தின் திட்டம். மாதக்கணக்கில் இழுபறி. கடைசியில், மண்தின்னியின் ஓய்வுக்கு ஆறேழு மாதங்களே இருந்தபோது, பிரிவுத் தலைவர் ஒரு வழிக்கு வந்தார்: மண்தின்னி எல்லைக்கோட்டை வரையட்டும், கோட்டுக்குள் கை வைக்காமல், ஓடையைத் திறந்தே விட்டு, வெளியே கட்டிக்கொள்ளட்டும், இந்த நிபந்தனையோடு அனுமதி. நிறுவனமும் முணுமுணுத்துக்கொண்டே தலையசைத்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு விண்ணப்பத்துக்குத் துறை குறித்த தேதிக்குள் பதில் சொல்லாவிட்டால், விண்ணப்பம் முதலில் எப்படிக் கொடுக்கப்பட்டதோ அப்படியே ஏற்கப்பட்டதாகிவிடும். அந்தத் தேதி ஒரு வெள்ளிக்கிழமையில் விழுந்தது.

கோடு முந்தைய வாரமே வரையப்பட்டுவிட்டது. நல்ல வெயில் நாள். நிறுவனத்தின் ஆலோசகராக வந்தவன் மண்தின்னிக்குப் பழக்கமானவன். முன்பு அதே அலுவலகத்தில் அவருக்கு இளையவனாக வேலை பார்த்துவிட்டுத் தனியாருக்குப் போனவன். சேற்றில் இறங்கும் நாளிலும் முழங்கால்வரை பளபளக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டு வருவான் என்பதால் எல்லோருக்கும் அவன் 'பூட்ஸ்'. அன்று மண்தின்னி குழி குழியாகத் தோண்டி நிறம் பார்த்தார். கிழக்கு ஓரத்தில் ஓடைக்குச் சற்றே மேடான ஒரு பட்டை இருந்தது. அங்கே மண் பழுப்பென்று அவர் கண்ணுக்குப் பட்டது. கொடிகளை அந்தப் பட்டைக்கு உட்புறமாக நட்டார். அதனால் ஒரு வரிசை வீடுகளும், வளாகத்துப் பிள்ளைகளுக்கான காப்பகமும் அந்தப் பட்டையில் எழுவதற்கு இடம் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை முற்பகல், அலுவலகத்தில் மண்தின்னி தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி முனகியது. பூட்ஸ் ஒரு படம் அனுப்பியிருந்தான். கூடவே ஒரு வரி: "அக்கா, ஹீரோயின் மாதிரி இருக்கீங்க!"

படத்தில் மண்தின்னி குழியோரம் மண்டியிட்டிருந்தார். ஒரு கையில் மண் உருண்டை, மறு கையில் நிறப் புத்தகம். முகத்தில் கறுப்புக் கண்ணாடி.

முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. தன்னிடம் கறுப்புக் கண்ணாடியே கிடையாதே என்று நினைத்தார். மூக்கின் மேலிருந்த கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. ஆனால் கண்ணாடிச் சட்டம் படத்தில் இருந்த அதே சட்டம்.  தேநீரை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போய், வண்டிகள் நிறுத்தும் திடலில் வெயிலில் கண்ணாடியைக் கையில் நீட்டிப் பிடித்தபடி நின்றார். காவலாளி அதிசயமாகப் பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெற்றிலைச் சாறு ஊறுவதுபோல, கண்ணாடியில் பழுப்பு கலந்த கருமை ஏறியது.

அந்தக் கண்ணாடி மகளின் அன்பளிப்பு. மகள் வேறொரு நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். மண்தின்னி அங்கேயே நின்றபடி அவளை அழைத்தார்.

"ஏண்டி, இந்தக் கண்ணாடி வெயில்ல கறுக்குமா?"

"ஆமாம்மா. அதுதானே அதோட விசேஷம். சொன்னேனே."

"நீ சொன்னது, வெயிலுக்கு இதமா இருக்கும்னு."

"கறுக்காம எப்படிம்மா இதமா இருக்கும்? ஏன், கறுக்கலையா? மாத்திக் குடுக்கச் சொல்லட்டுமா?"

"கறுக்குது. நல்லாவே கறுக்குது," என்றார் மண்தின்னி.

"அப்ப ஏம்மா அழுற மாதிரி பேசுற?"

கையேட்டில் உள்ள அந்த இன்னொரு வரி இதுதான்: நிறம் பூசிய கண்ணாடி அணிந்து பார்க்கப்பட்ட மண் நிறம் செல்லாது. காரணம் உண்டு. ஈர மண்ணும் அச்சிட்ட சாயமும் ஒரு கண்ணாடிக்குள்ளாகப் பார்க்கும்போது ஒரே மாதிரி மாறுவதில்லை. கொஞ்சம் பழுப்பேறிய கண்ணாடிக்குச் சாம்பல் மண்ணும் பழுப்பாகத் தெரியக்கூடும். புதியவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது மண்தின்னி இந்த வரியை முதலில் சொல்வார். வெளியே வரும்போது மட்டும் கறுத்து, உள்ளே போனதும் ஒன்றும் அறியாததுபோல் வெளுத்துவிடும் ஒரு கண்ணாடி உலகில் இருப்பதை அவர் அறிந்திருக்கவில்லை. கண் கூசாமல் வெயிலில் வேலை செய்ய முடிகிறதே என்று அந்தச் சில வாரங்களாக மகளை மெச்சிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நல்ல வேளையாக, அது வந்த பிறகு அவர் வரைந்த கோடு இது ஒன்றே.

மேசைக்குத் திரும்பியபோது தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது. படத்தை மறுபடி பார்த்தார். 'ஹீரோயின் மாதிரி.' இது கேலியா, அல்லது வேறு ஏதாவதா? பூட்ஸ் இந்தத் தொழிலில் பழுத்தவன். அந்த வரியை அவனுக்குப் பாடம் சொன்னதே மண்தின்னிதான். தெரிந்துதான் அனுப்பியிருக்கிறான், தங்களுக்குச் சாதகமான கோடு என்பதால் பேசாமல் இரு என்று சொல்லாமல் சொல்கிறான் என்று ஒரு மனம் சொன்னது. சும்மா விளையாட்டுக்கு அனுப்பினான் என்று இன்னொரு மனம். அன்று மாலைவரை இரண்டு மனமும் மாறி மாறி அவரை உருட்டின. ஒரு சிரிப்பு முகத்தைப் பதிலாக அனுப்பலாமா என்று யோசித்து, அதுவே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடுமோ என்று அஞ்சி, அனுப்பாமல் விட்டார். பதில் அனுப்பாததே சந்தேகத்தைக் கிளப்பிவிடுமோ என்று பிறகு அதற்கும் அஞ்சினார்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"கோடு தப்பா இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. சரியாகூட இருக்கலாம்."

"தப்பா இருந்தா?"

"காப்பகம் ஈரத்துல நிக்கும். ரெண்டு மழைக்குத் தாங்கும். மூணாவது மழைக்குத் தரையிலிருந்து தண்ணி ஊறும். சுவத்துல ஏறும். குழந்தைங்க தரையிலதானே உக்காரும்."

"அப்ப நாளைக்குப் போய்ச் சொல்லிடு."

"சொன்னா கோடே செல்லாமப் போயிடும். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போகலைன்னா ஓடையையே மூடிடுவாங்க. சொன்னாலும் கெட்டுது, சொல்லாட்டியும் கெட்டுது."

தையற்காரர் அளவுநாடாவைச் சுருட்டி வைத்தார். பிறகு, "ஒரு ஆளு சட்டை தைக்கக் குடுத்தா, அளவெடுத்தது தப்புன்னு தெரிஞ்ச அப்புறம் நான் வெட்ட மாட்டேன். மறுபடி அளவெடுப்பேன். அவன் திட்டினாலும் சரி," என்றார்.

"மறுபடி அளவெடுக்க அந்த ஆளு நிக்கணுமே."

"கூப்பிட்டுப் பாரு. பெரிய மண்தின்னியாச்சே நீ."

புதன்கிழமை காலை பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனார். தலைவர் வயதில் அவருக்கு இளையவர், அவசரக்காரர், ஆனால் நியாயஸ்தர். மண்தின்னி சொல்லி முடிக்கும்வரை பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க என்கிட்ட இதைச் சொல்லலைன்னு வச்சுக்கலாமா?" என்றார் கடைசியில்.

"சொல்லிட்டேனே சார்."

"அதான் பிரச்சினையே." நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "எட்டு மாசமா அடிச்சுப் பேசி இந்த நிலைக்குக் கொண்டு வந்தேன். கோட்டை வாபஸ் வாங்கினா நம்ம கையில என்ன இருக்கு? பூஜ்யம். பழைய திட்டம் அப்படியே செல்லும். ஓடை குழாய்க்குள்ள போயிடும். உங்க கண்ணாடியால ஒரு ஓடை போயிடுச்சுன்னு நாளைக்குப் பேசுவாங்க."

"நாளைக்கே மறுபடி பார்த்துடறேன் சார். கிழக்குப் பட்டை மட்டும். வெள்ளிக்கிழமை காலையில புதுக் கோட்டோட கடிதம் தயாராயிடும்."

"அவங்க கேட்டைத் திறக்கணும். அவங்க ஆளும் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும். ரெண்டு பேரும் வேற வேற நிறம் சொன்னா மூணாவது ஆளுக்குப் போகும், அதுக்கு நேரமில்லை. அவங்களுக்கு நஷ்டம்னு தெரிஞ்ச இடத்துல அவன் ஏன் வருவான்?"

"வருவானான்னு தெரியலை சார். கேக்கறேன்."

"போட்டோவை வேற அவன் கையில வச்சிருக்கான்," என்றார் தலைவர். பிறகு, சற்றுத் தணிந்து, "உங்களுக்கு இன்னும் ஆறு மாசம்தானே. ஏன் இதெல்லாம்..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். மண்தின்னி எழுந்துவிட்டதைப் பார்த்து அவரும் எழுந்தார். "போங்க. கேட்டுப் பாருங்க," என்றார்.

பூட்ஸ் தொலைபேசியில் கலகலப்பாகத்தான் இருந்தான்.

"என்னக்கா, படம் பிடிக்கலையா? பதிலே இல்லை?"

"தம்பி, கிழக்குப் பக்கம் மறுபடி ஒரு தடவை பார்க்கணும். நாளைக்குக் கேட்டைத் திறந்து விடுவியா?"

கலகலப்பு நின்றது. "ஏன்க்கா?"

"எனக்குத் திருப்தியில்லை."

"உங்களுக்கு எப்பதான் திருப்தி வந்திருக்கு? சரி, வாங்க. ஆனா நாளைக்கு மேகமூட்டம்னு சொல்றாங்க."

வெயில் இல்லாவிட்டால் நிறம் பார்க்க முடியாது. மண்தின்னியின் கவலைகளில் அது அதுவரை சேரவில்லை, இப்போது சேர்ந்துகொண்டது.

அடுத்த தொல்லை பழைய கண்ணாடி. புதியது வந்ததும் பழையதைத் தையல் இயந்திரத்தின் மேல் வைத்திருந்தார். கணவர் அதன்மேல் ஒரு துணிக்கட்டை வைத்துவிட்டார். காதில் மாட்டும் கை ஒன்று முறிந்திருந்தது. கண்ணாடியே இல்லாமல் பார்க்கலாம் என்றால் கட்டங்களுக்குக் கீழுள்ள எண்கள் எறும்பு வரிசைபோல் கலங்கின. அன்று மாலை தையற்காரர் கறுப்பு நூலை மெழுகில் இழுத்து, முறிந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி, பொத்தானுக்குத் தைப்பதுபோல் இறுக்கினார். போட்டுப் பார்த்தபோது கண்ணாடி ஒரு பக்கம் மேலே தூக்கியது.

"ஹீரோயின் மாதிரி இருக்கு," என்றார். மண்தின்னி முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை வானம் கழுவாத பாத்திரம்போல் மங்கிக் கிடந்தது. பூட்ஸ் பூட்டைத் திறந்தான். இருவரும் கோரைப் புல்லைத் தள்ளிக்கொண்டு கிழக்கு ஓரத்துக்குப் போனார்கள். மண்தின்னி இரும்புத் துளைகோலை ஊன்றித் திருகி, மண்ணை எடுத்து, குழிகளைத் தயாராக்கிவிட்டு வெயிலுக்காகக் காத்திருந்தார். ஓடை காலடியில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி, காப்பகத்தின் மூலையைக் காட்ட நிறுவனம் அடித்திருந்த முளைக்குச்சி நின்றது. சிவப்பு நாடா காற்றில் படபடத்தது.

"காதுல என்னக்கா நூலு?" என்றான் பூட்ஸ். "போன வாரம் போட்டிருந்தது நல்லா இருந்துச்சே."

மண்தின்னி அவன் முகத்தைப் பார்த்தார். அதில் ஒரு சூதும் தெரியவில்லை. அவனுக்குத் தெரியாது, நிஜமாகவே தெரியாது. இரண்டு நாளாக அவரை அலைக்கழித்தது வெறும் கேலிதான். இப்போதும் ஒன்றும் சொல்லாமல், மேகத்தைக் காரணம் காட்டித் திரும்பிவிடலாம். சட்டென்று உடம்பு லேசானதுபோல் இருந்தது. அந்த லேசு அவரைப் பயமுறுத்தியது.

"அது வெயில்ல கறுக்குற கண்ணாடி தம்பி. எனக்குத் தெரியாது. அதைப் போட்டுக்கிட்டுத்தான் நிறம் பார்த்தேன்."

பூட்ஸ் கைப்பேசியை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "அய்யோ," என்றான். அடுத்த நொடியே, "ஏன்க்கா சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது!"

"தெரியும்னு நினைச்சேன்."

"எனக்கு மேல இருக்கறவங்களுக்கு நான் இப்ப இதைச் சொல்லணும். சொன்னா உங்க கோட்டையே தூக்கிப் போடச் சொல்லுவாங்க. நாளைக்குச் சாயங்காலத்தோட உங்க ஆபீஸ் கதை முடிஞ்சுது. ஓடை முடிஞ்சுது. யோசிச்சீங்களா?"

"ரெண்டு நாளா வேற எதை யோசிச்சேன்னு நினைக்கற?" மண்தின்னி ஈரப் புல்லின்மேலேயே உட்கார்ந்தார். "தம்பி, அந்தப் படத்தை யாரு எடுத்தது?"

"நான்தான்."

"நான் நிறம் பார்க்கறப்போ நீ எங்க இருந்திருக்கணும்?"

பூட்ஸ் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டான். படம் எடுத்த தூரத்தில் நின்றவன் மண் உருண்டையைப் பார்த்திருக்க முடியாது. ஒவ்வொரு குழிக்கும் தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டியவன், 'அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று வரிசையாகக் கையொப்பமிட்டிருந்தான். இந்தத் தொழிலில் பழகியவர்கள் செய்யும் பிழை அது, பழகாதவர்கள் செய்யமாட்டார்கள்.

"மிரட்டுறீங்களாக்கா?"

"நானே மிரண்டு போயிருக்கேன். நான் யாரை மிரட்டறது? ரெண்டு பேரும் பார்க்காத நிறத்துக்கு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். அதைத்தான் சொல்றேன்."

 ஒரு மேகம் நகரும், இன்னொன்று அதன் இடத்துக்கு வரும். மண்தின்னி துளைகோலைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். மழையே வந்துவிட்டால் குழிகள் நிரம்பிவிடும், பிறகு எதுவுமில்லை. ஒரு தூறல் கையில் விழுந்ததுபோல் தோன்றியபோது குழியின் மேல் கையை விரித்தார். அது கோரையிலிருந்து தெறித்த பனி.

உச்சிப்பொழுது தாண்டியபின் கிடங்குகளின் கூரையில் வெளிச்சம் பளிச்சிட்டது. அது மெல்ல மெல்ல இறங்கி நிலத்துக்கு வந்தது.

"வந்துடுச்சு," என்றார் மண்தின்னி. "இந்தா, நீ முதல்ல பாரு. நான் என்ன பார்த்தேன்னு சொல்ல மாட்டேன். நீ சொல்றதை நான் எழுதறேன்."

"நானா?"

"முதல்லயே அப்படித்தான் செஞ்சிருக்கணும்."

பூட்ஸ் புத்தகத்தை வாங்கிக்கொண்டான். முதல் குழி ஓடையை ஒட்டியது. அதில் எவருக்கும் சந்தேகமில்லை. சாம்பல். இரண்டாவது, பழைய கொடிகளுக்குச் சற்று வெளியே. மண் உருண்டையைப் பிளந்து, துளைக்குப் பின்னால் பிடித்து, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினான். "சாம்பல்," என்றான். எண்ணைச் சொன்னான். குரல் தாழ்ந்திருந்தது. மண்தின்னி எழுதினார். எண்ணை அடித்துத் திருத்தாமல் இருக்க மெதுவாக எழுதினார்.

மூன்றாவது குழி காப்பகத்தின் முளைக்குச்சியை ஒட்டி இருந்தது. அதில் பழுப்பு என்று அவன் சொன்னால் காப்பகம் நிற்கும். வீட்டு வரிசையில் பாதியும் நிற்கும். நிறுவனத்துக்கு அது போதும். அவன் பழுப்பென்றும் மண்தின்னி சாம்பலென்றும் சொன்னால் மூன்றாம் ஆளுக்குப் போகும். அதற்குள் தேதி முடிந்துவிடும். நிறுவனத்துக்கு அது இன்னும் நல்லது. இது இருவருக்கும் தெரியும். பூட்ஸ் உருண்டையைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான், முளைக்குச்சியைப் பார்த்தான். பூட்ஸில் சேறு அப்பியிருந்ததை அவன் கவனிக்கவில்லை. மண்தின்னி அவனைப் பார்க்காமல் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்; தன் முகத்திலிருந்து அவன் எதையும் படித்துவிடக் கூடாதென்று.

வெயில் மங்கத் தொடங்கியது.

"துருப்புள்ளி இருக்குக்கா," என்றான் பூட்ஸ். பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, "சாம்பல்தான். எழுதிக்கோங்க."

மண்தின்னி எழுதிவிட்டுப் புத்தகத்தை வாங்கி, நூல் கட்டிய கண்ணாடியைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே உருண்டையைத் தானும் பார்த்தார். அதே கட்டம். அதே எண். முளைக்குச்சியைத் தாண்டி மேட்டில் தோண்டிய நான்காவது குழியில்தான் இருவரும் பழுப்பு என்றார்கள். பழைய கொடிகளைப் பிடுங்கி, புதியவற்றை அங்கே நட்டார்கள். காப்பகத்தின் முளை கோட்டுக்கு உள்ளே நின்றது.

"நான் ஆபீஸ்ல போய் என்ன சொல்றது?" என்றான் பூட்ஸ், கேட்டைப் பூட்டும்போது.

"பார்த்ததைச் சொல்லு."

"உங்களுக்கென்ன, ஆறு மாசத்துல வீட்டுக்குப் போயிடுவீங்க. எனக்கு இன்னும் இருபது வருஷம் இருக்கு." கோபமாகத்தான் சொன்னான். ஆனால் அவரை வண்டியில் அலுவலக வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனான்.

புதிய கோட்டோடு கடிதம் வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு முன் போய்ச் சேர்ந்தது. நிறுவனம் ஆட்சேபித்தது, ஒரு முறை தவறாகப் பார்த்தவர் மறுமுறை மட்டும் சரியாகப் பார்த்தாரா என்று கேட்டது. இந்த முறை முதலில் பார்த்தவர் உங்கள் ஆளே என்று தலைவர் பதிலெழுதினார். காப்பகம் சாலைப் பக்க மேட்டுக்கு மாற்றப்பட்டது. அந்த வரிசை வீடுகள் வரைபடத்திலிருந்து போயின. ஓடை திறந்தே இருக்கிறது. பூட்ஸை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்காக அவன் மண்தின்னியிடம் நெடுநாள் பேசாமல் இருந்தான். பிறகு ஒருநாள், கையில் ஒரு பிடி கோரையோடு நிற்கும் அவனது சொந்தப் படத்தை அனுப்பினான், கண்ணாடி இல்லாமல்.

மண்தின்னிக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. முப்பத்தைந்தாண்டில் முதல் எச்சரிக்கை. கணவர் அதைப் படித்துவிட்டுச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டலாமா என்றார். மண்தின்னி அதைக் கேட்டுத்தான் அந்த மாதத்தில் முதன்முதலாகச் சிரித்தார். ஆனால் பயம் போகவில்லை. மழை பெய்தால் பழைய கோட்டில் அந்தக் காப்பகம் கட்டப்பட்டுவிட்டதாகவும், பிள்ளைகள் ஈரத் தரையில் உட்கார்ந்திருப்பதாகவும் கனவு வந்தது. வெளி வேலைக்குப் போகும்போது மகளின் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டார். நூல் கட்டியதைத்தான் போட்டுக்கொண்டார். உடன் வருபவரிடம் உருண்டையைக் கொடுத்து, "முதல்ல நீங்க சொல்லுங்க," என்று கேட்காமல் அதற்குப் பிறகு அவர் ஒரு நிறமும் எழுதவில்லை.

ஓய்வுக்கு முந்தைய வாரம், நகரின் வேறொரு மூலையில் ஒரு சிறு பாலத்துக்காக ஒரு குழி பார்க்க வேண்டியிருந்தது. உடன் வந்த பொறியாளர் நிறத்தைச் சொன்னார், மண்தின்னி எழுதினார், பிறகு தானும் பார்த்தார். ஒத்திருந்தது. துளைகோலைத் துடைத்துப் பையில் வைத்தார். அவர் கடைசியாக மண் எடுத்து நிறம் பார்த்தது 2023 மார்ச் 24.